தேயிலைச் செடிக்கு என்ன விலை?

வால்பாறைக்கு ஏறும் பஸ் நாற்பதாவது கொண்டை ஊசி வளைவைத் தாண்டினால் கண்ணுக்கு எட்டியவரை ஒரே பச்சை. கத்தரி போட்டுச் சமப்படுத்தியதுபோல இடுப்பளவு உயரத்தில் தேயிலை. செடி என்று சொல்கிறோமே தவிர, அது மரம். விட்டால் மரமாகவே வளர்ந்துவிடும். சில வருடங்களுக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டி, கைக்கு எட்டுகிற உயரத்திலேயே அடக்கி வைத்திருக்கிறார்கள். குனிந்து அடித்தண்டைப் பார்த்தால்தான் வயது தெரியும். முறுக்கிக்கொண்டு, கணுக்கணுவாக, பாசி படிந்து கிடக்கும். வெள்ளைக்காரத் துரை காலத்தில் நட்டது இன்றைக்கும் கொழுந்து விடுகிறது.

இந்தச் செடிக்கு என்ன விலை?

பறித்த கொழுந்துக்கு விலை உண்டு. தூளுக்குக் குன்னூரிலும் கொழும்பிலும் ஏலமே நடக்கிறது. தோட்டத்தை மண்ணோடு விற்பதென்றால் ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசி முடிக்கலாம். மண்ணை விட்டுவிட்டு, வேரூன்றி நிற்கிற செடியை மட்டும் விலைக்குக் கேட்டு இதுவரை எவரும் மலை ஏறியதில்லை. பிடுங்கினால் விறகு. அவ்வளவுதான்.

ஆனால் லண்டனில் எழுதப்பட்ட ஒரு விதி, அந்தச் செடிக்கு வருடாவருடம் சந்தை விலை போட்டாக வேண்டும் என்றது. அந்த விதியின் பெயர் ஐ.ஏ.எஸ். 41 (கலெக்டர் உத்தியோகத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, சர்வதேசக் கணக்கியல் தரநிலைகளில் விவசாயத்துக்கான எண் இது). 2000 டிசம்பரில் ஒப்புதல் பெற்று, 2003 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆடு, மாடு, ரப்பர் மரம், செம்பனை, தேயிலை என்று உயிருள்ள எல்லாச் சொத்தையும் 'நியாய மதிப்பில்' ஐந்தொகையில் காட்ட வேண்டும். போன வருடத்துக்கும் இந்த வருடத்துக்கும் உள்ள வித்தியாசத்தை லாப நட்டக் கணக்கில் ஏற்ற வேண்டும். இதை மாற்றி எழுத வைக்க ஆசியாவுக்குப் பத்து வருடத்துக்கு மேல் ஆனது. இதே தரநிலைகளில் இன்னொன்றை ஐரோப்பா ஒரு வாரத்துக்குள் மாற்ற வைத்தது. இரண்டு கதைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், 'உலகப் பொது' விதி என்கிறார்களே, அது யாருடைய பொது என்று கொஞ்சம் விளங்கும்.

ஒன்பது பேர் போட்ட கோடு

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் 'ஆடவல்லான்' என்று ஒரு மரக்கால் வருகிறது. கோயிலுக்கு அளக்கிற நெல்லை அந்த மரக்காலால்தான் அளக்க வேண்டும். அது 'ராஜகேசரி' என்ற அளவுக்குச் சமம் என்று கல்லில் வெட்டி வைத்தார்கள். ஊருக்கு ஒரு மரக்கால் இருந்தால் வம்பு ஓயாது. யாரோ ஒருவர் 'இதுதான் அளவு' என்று சொல்லியாக வேண்டும். சொல்வதற்கு ராஜராஜனிடம் படை இருந்தது.

கணக்கியலுக்குப் படை கிடையாது. 1973-ல் லண்டனில் கூடி சர்வதேசக் கணக்கியல் தரக் குழுவைத் தொடங்கியவை ஆஸ்திரேலியா, கனடா, பிரான்ஸ், ஜெர்மனி, ஜப்பான், மெக்சிகோ, நெதர்லாந்து, அமெரிக்கா, பிரிட்டனும் அயர்லாந்தும் சேர்ந்து ஒன்று என ஒன்பது தரப்பின் கணக்காளர் சங்கங்கள். ஆசியாவிலிருந்து ஜப்பான் மட்டும். ஆப்பிரிக்காவிலிருந்து ஒருவரும் இல்லை. அந்தக் குழு 2001-ல் வாரியமாக உருமாறியது. ஸ்காட்லாந்துக்காரரான டேவிட் ட்வீடி அதன் முதல் தலைவர். கட்டாயப்படுத்த அதிகாரம் இல்லாத ஒரு தனியார் அமைப்பு எழுதுகிற விதிகளை இன்று 140-க்கும் மேற்பட்ட நாடுகளும் ஆட்சிப் பகுதிகளும் தங்கள் சட்டத்தின் வழியே கட்டாயமாக்கியிருக்கின்றன. 'பொதுநலன் கருதி' தரநிலைகளை உருவாக்குவதே நோக்கம் என்று அதன் சாசனம் சொல்கிறது.

வாரியத்துக்குச் சாசனம் ஒதுக்கியது 14 நாற்காலி. ஆசியா-ஓசியானியாவுக்கு நான்கு, ஐரோப்பாவுக்கு நான்கு, அமெரிக்கக் கண்டங்களுக்கு நான்கு, ஆப்பிரிக்காவுக்கு ஒன்று, எங்கிருந்தும் வரலாம் என்று ஒன்று. உட்கார்ந்த பிறகு யாரும் சொந்த ஊருக்காகப் பேசக் கூடாது என்பது விதி. ஊரை மறந்துவிட்டு வா என்று சொல்கிறவர்கள் நாற்காலியை மட்டும் ஊர்வாரியாக ஏன் பிரித்திருக்கிறார்கள் என்று கேட்டால் நேரான பதில் வராது. ஆனால் பிரித்தது சரிதான். ஒருவர் கண்ணில் பட்ட உலகம் எதுவோ, அவர் எழுதுகிற விதியும் அதற்குத்தான் பொருந்தும்.

ஐரோப்பாவின் மூன்று நாள்

உலகத் தரநிலைக்கு உயிர் கொடுத்தது ஐரோப்பிய ஒன்றியம். 2005 ஜனவரி முதல் பங்குச்சந்தையில் பட்டியலிட்ட நிறுவனங்கள் எல்லாம் ஒருங்கிணைந்த கணக்கை இந்தத் தரநிலைப்படிதான் எழுத வேண்டும் என்று 2002-ல் சட்டம் போட்டது. ஒரே அடியில் ஆயிரக்கணக்கான கம்பெனிகள். லண்டன் வாரியத்துக்கு மவுசு வந்தது அதற்குப் பிறகுதான்.

ஆனால் அந்தச் சட்டத்தில் ஐரோப்பியர்கள் ஒரு தாழ்ப்பாளும் வைத்தார்கள். லண்டன் எழுதுவது தானாக உள்ளே வந்துவிடாது. ஒவ்வொரு தரநிலையும் 'ஐரோப்பியப் பொதுநலனுக்கு' உகந்ததா என்று பார்த்து, ஒப்புதல் தந்த பிறகுதான் செல்லும். சாசனத்தில் இருந்த பொதுநலனுக்கு முன்னால் ஒரு கண்டத்தின் பெயர் வந்து ஒட்டிக்கொண்டது. அந்தப் பொதுநலன் என்றால் என்ன என்று சட்டம் விளக்கவில்லை. விளக்காமல் விட்டதுதான் வசதி.

முதல் உரசல் வங்கிக் கணக்கில் வந்தது. வங்கிகள் கையில் வைத்திருக்கும் பத்திரங்களையும் வழிப்பொருள் (டெரிவேட்டிவ்) ஒப்பந்தங்களையும் சந்தை விலையில் காட்டச் சொன்ன ஐ.ஏ.எஸ். 39-ஐ பிரெஞ்சு வங்கிகளுக்குப் பிடிக்கவில்லை. 2003 ஜூலையில் பிரெஞ்சு அதிபர் ழாக் சிராக்கே ஐரோப்பிய ஆணையத் தலைவருக்குக் கடிதம் எழுதினார். ஒரு நாட்டின் அதிபர் கணக்குப்பதிவு விதியைப் பற்றிக் கடிதம் எழுதுவது தினம் நடக்கிற காரியமா? 2004 நவம்பரில் ஒன்றியம் அந்தத் தரநிலையில் இரண்டு இடங்களை வெட்டிவிட்டு மிச்சத்தை ஏற்றது. கணக்கியல் உலகில் அதற்குப் பெயர் 'கார்வ்-அவுட்'. மீனைச் சுத்தம் செய்கிற மாதிரி, வேண்டாததை அரிந்து போட்டுவிட்டுச் சமைப்பது.

அசல் சோதனை 2008-ல் வந்தது. செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் கவிழ்ந்தது. வங்கிகளின் கையில் இருந்த பத்திரங்களுக்குச் சந்தையில் வாங்க ஆளில்லை. விலை மூன்றில் ஒன்றாக, நான்கில் ஒன்றாகச் சரிந்தது. சந்தை விலையில் கணக்கு எழுதினால் நட்டம் வெளியே தெரிந்துவிடும். அமெரிக்க விதிப்படி அரிதான சூழ்நிலையில் ஒரு பத்திரத்தைச் சந்தை விலைப் பட்டியலிலிருந்து வேறு பட்டியலுக்கு மாற்றலாம். எங்களுக்கு மட்டும் அந்தக் கதவு ஏன் இல்லை என்று ஐரோப்பிய நிதியமைச்சர்கள் கேட்டார்கள். கேட்டார்கள் என்பது மரியாதைக்கு. நீங்கள் மாற்றாவிட்டால் நாங்களே சட்டத்தில் வெட்டிக்கொள்வோம் என்பதுதான் சேதி.

அக்டோபர் 12, ஞாயிற்றுக்கிழமை, பாரிஸில் யூரோ நாட்டுத் தலைவர்கள் கூடினார்கள். 13-ஆம் தேதி திங்கட்கிழமை லண்டன் வாரியம் திருத்தத்தை வெளியிட்டது. 15-ஆம் தேதி புதன்கிழமை ஐரோப்பிய ஆணையம் அதைச் சட்டமாக்கியது. வழக்கமாக ஒரு திருத்தம் என்றால் வரைவு வெளியிட்டு, மாதக்கணக்கில் கருத்துக் கேட்டு, பதில்களைப் பொதுவில் விவாதித்த பிறகுதான் இறுதியாகும். அந்த நடைமுறை முழுவதையும் ஒத்திவைத்தார்கள். அதைவிட முக்கியம், மாற்றத்தை ஜூலை 1-ஆம் தேதியிலிருந்தே செல்லும்படி பின்தேதியிட்டுக்கொள்ளலாம் என்றார்கள். முடிந்துபோன காலாண்டின் நட்டத்தை, அது முடிந்த பிறகு, வேறு பெட்டிக்கு மாற்றி வைக்கலாம்! ஜெர்மனியின் டாய்ச் வங்கி அந்தச் சலுகையைப் பயன்படுத்திக்கொண்டுதான் அந்தக் காலாண்டை லாபத்தில் முடித்தது. பதவியை விட்டுவிடலாமா என்று யோசித்ததாக ட்வீடி பின்னர் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழு முன்பு சொன்னார்.

இதில் ஐரோப்பாவின் தரப்புக்கும் நியாயம் இல்லாமல் இல்லை. தீப்பிடித்த வீட்டின் சந்தை விலையைக் கேட்பதில் அர்த்தமில்லை; பதற்றத்தில் கிடைத்த விலையை 'நியாய' விலை என்று எழுதினால் அதுவே அடுத்த வங்கியையும் சாய்த்துவிடும் என்றார்கள். அந்த வாதத்தை ஆற அமர வைத்திருக்கலாம். வைத்திருந்தால் அதை ஆதரிக்கிறவர்களும் இருந்திருப்பார்கள். ஆனால் அந்த வாரத்தில் நடந்தது வாதம் அல்ல. வங்கியில் பணம் போட்டவருக்கும் பங்கு வாங்கியவருக்கும் அன்றைக்குத் தெரிய வேண்டிய ஒரே விஷயம், இந்த வங்கி நிற்குமா நிற்காதா என்பது. அதைத்தான் பின்தேதி போட்டு மங்கலாக்கினார்கள். பொதுநலனின் பேரைச் சொல்லியே அதைச் செய்தார்கள்.

அடுத்த வருடமே, கேட்பாரற்றுக் கிடந்த லண்டன் அமைப்புக்கு மேல் கண்காணிப்பு வாரியம் ஒன்று வந்தது. பங்குச்சந்தைகளை மேற்பார்க்கும் அரசு அதிகாரிகள் அதில் உறுப்பினர்கள். 2013-ல் பெல்ஜியத்தின் முன்னாள் நிதியமைச்சர் பிலிப் மேஸ்டாட், ஐரோப்பாவின் குரலை இன்னும் அழுத்தமாக்க என்ன செய்யலாம் என்று அறிக்கை தந்தார். நிதி நிலைத்தன்மைக்கு ஆபத்து வரக் கூடாது, பொருளாதார வளர்ச்சிக்குத் தடையாக இருக்கக் கூடாது. பொதுநலனைப் பார்க்கும்போது இந்த இரண்டையும் சேர்த்துப் பாருங்கள் என்றார். 2023-ல் அமலுக்கு வந்த காப்பீட்டுக் கணக்குக்கான புதிய தரநிலையையும் ஐரோப்பா ஒரு சிறு வெட்டுடன்தான் உள்ளே விட்டது.

நம்மூரில் மார்ச் 31

ஐரோப்பாவைச் சொல்லிவிட்டு நம்மைச் சொல்லாமல் விட்டால் நன்றாக இருக்காது. 2008 தொடக்கத்தில் டாலர் 40 ரூபாய்க்குள் இருந்தது. 2009 மார்ச்சில் 50-ஐத் தாண்டிவிட்டது. டாலரில் கடன் வாங்கிய இந்திய கம்பெனிகளுக்கு, கையெழுத்துப் போட்டுவிட்டுத் தூங்கி எழுவதற்குள் கடன் கால்வாசி கூடிவிட்டது. அப்போதிருந்த விதிப்படி அந்த வித்தியாசம் அந்த வருடமே நட்டம். 2009 மார்ச் 31, நிதியாண்டின் கடைசி நாள், மத்திய அரசின் அறிவிக்கை வந்தது: நீண்டகால அந்நியச் செலாவணிக் கடனில் வந்த வித்தியாசத்தை நட்டத்தில் காட்ட வேண்டாம், அந்தக் கடனில் வாங்கிய இயந்திரத்தின் அடக்க விலையோடு சேர்த்துக்கொள்ளுங்கள், அல்லது தனியாக ஒரு கணக்கில் நிறுத்தி வைத்துச் சில வருடங்களில் கரையுங்கள். இதுவும் பழைய தேதியிலிருந்தே செல்லும். ஒரு கம்பெனி வாங்கிய பாய்லர், ரூபாய் விழுந்ததால் புத்தகத்தில் விலை ஏறியது.

சர்வதேசத் தரநிலையைத் தழுவி 'இந்த் ஏ.எஸ்.' என்ற நம் தரநிலைகள் 2015 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டு, 2016 ஏப்ரல் முதல் 500 கோடி ரூபாய்க்கு மேல் நிகர மதிப்புள்ள கம்பெனிகளுக்குக் கட்டாயமானபோதும், பழைய கடன்களுக்கு அந்தச் சலுகை தொடரலாம் என்று விட்டுவைத்தார்கள். ஏற்றோம், ஆனால் அப்படியே ஏற்கவில்லை. இன்னும் சில வெட்டுகள் உண்டு. அவற்றில் சிலவற்றில் நம் பக்கம் உண்மையான காரணம் இருக்கிறது. வருடாவருடம் விலைவாசிக்கு ஏற்ப வாடகை உயரும் என்று ஒப்பந்தம் போட்டால், மொத்த வாடகையைக் கூட்டிச் சமபாகமாகப் பிரித்து முதல் வருடமே அதிகச் செலவு காட்டச் சொன்னது அப்போதைய லண்டன் விதி. விலைவாசி ஏறாத நாட்டில் உட்கார்ந்து எழுதியது என்று பார்த்தாலே தெரியும். வங்கிகளுக்கு மட்டும் கதை வேறு: 2019 மார்ச்சில் ரிசர்வ் வங்கி 'மறு அறிவிப்பு வரும்வரை' என்று சொல்லி இந்த் ஏ.எஸ்.ஸை நிறுத்திவைத்தது.

மலேசியா போட்ட மனு

இனித் தேயிலைக்கு வருவோம்.

சந்தை இல்லாத பொருளுக்குச் சந்தை விலை எப்படிப் போடுவது? அதற்கும் விதியில் வழி சொல்லியிருந்தார்கள். இந்தச் செடி இனி எத்தனை வருடம் காய்க்கும், ஒவ்வொரு வருடமும் செலவு போக எவ்வளவு தேறும் என்று கணித்து, அதை ஒரு வட்டி விகிதத்தில் கழித்து இன்றைய மதிப்பாக்க வேண்டும். ஒரு கற்பனைத் தோட்டத்தை வைத்துப் போட்டுப் பார்த்தேன். வருடத்துக்கு நிகரமாக 1 கோடி, இன்னும் 20 வருடம். வட்டி 12 சதவீதம் என்றால் இன்றைய மதிப்பு சுமார் 7 கோடியே 47 லட்சம். அதே தோட்டம், அதே செடி, வட்டியை மட்டும் 14 சதவீதம் என்று மாற்றினால் 6 கோடியே 62 லட்சம். 85 லட்சம் நட்டம்! ஒரு கொழுந்து கூடவில்லை, குறையவில்லை. மழையும் தப்பவில்லை. ஆபீஸில் கால்குலேட்டர் மட்டும் வேறு எண்ணைச் சொல்லியிருக்கிறது. அது திரும்ப 12-க்கு வந்தால் அதே 85 லட்சம் லாபம்.

இதில் அதிகம் அடிபட்டது மலேசியா. ரப்பரும் செம்பனையும் அந்த நாட்டுப் பெருந்தோட்டத் தொழிலின் முதுகெலும்பு. அந்தத் தோட்டங்களைக் காடு வெட்டி உருவாக்கியவர்களில் தமிழர்கள் எத்தனை பேர் என்று சொல்லத் தேவையில்லை. செம்பனை நட்ட மூன்றாம் வருடத்திலிருந்து குலை தள்ளும். இருபத்தைந்து வருடம்போலப் பலன் தரும். பிறகு வெட்டிவிட்டு மறுநடவு. ஒரு தொழிற்சாலை இயந்திரத்தின் வாழ்க்கை இதுதான்: வாங்கு, ஓட்டு, தேயட்டும், மாற்று. இயந்திரத்தை அடக்க விலையில் எழுதித் தேய்மானம் போடுகிறோம். செம்பனைக்கும் அதையே செய்தால் என்ன என்பது மலேசியாவின் கேள்வி.

கேள்வியைக் கேட்ட விதம்தான் முக்கியம். 2012-ல் மலேசியா உலகத் தரநிலைகளை முழுசாக ஏற்றது. விவசாய கம்பெனிகளையும் வீடு கட்டி விற்கும் கம்பெனிகளையும் மட்டும் 'கொஞ்சம் பொறுங்கள்' என்று வெளியே நிறுத்தியது. அந்தப் பொறுங்கள் 2018 வரை நீண்டது. இலங்கை இன்னும் நேரடி: 2012-ல் தரநிலையை ஏற்ற கையோடு, தேயிலை, ரப்பர் போன்றவற்றை அடக்க விலையிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று அங்குள்ள பட்டயக் கணக்காளர் நிறுவனம் அதே வருடம் மார்ச்சில் தீர்ப்புச் சொல்லிவிட்டது. வீட்டில் தற்காலிகமாகக் கூரை போட்டுக்கொண்டே, லண்டனுக்கு மனுவும் போனது. 2009 நவம்பரில் ஆசிய-ஓசியானிய நாடுகளின் தரநிலை அமைப்புகள் ஒரு குழுவாகி முதல் தடவையாகக் கோலாலம்பூரில் கூடின. விவசாயக் கணக்குக்கான பணியை மலேசியா தன் தலைமேல் போட்டுக்கொண்டது. ஆராய்ச்சி செய்தது, அறிக்கை எழுதியது. 2012-ல் வாரியம் அந்தப் பணியை ஏற்று, 2013 ஜூனில் வரைவு வெளியிட்டு, 2014 ஜூனில் திருத்தத்தை முடித்தது. 2016 ஜனவரியிலிருந்து அமல்.

அந்தத் திருத்தத்தில் ஒரு புதுப் பிறவி: 'பலன் தரும் தாவரம்'. ஒன்றுக்கு மேற்பட்ட பருவங்களில் விளைச்சல் தருவது, வெட்டி விற்பதற்காக வளர்க்கப்படாதது. தேயிலை, காபி, ரப்பர், செம்பனை, திராட்சைக்கொடி எல்லாம் இதற்குள் அடங்கும். இவற்றை இயந்திரம்போல அடக்க விலையில் காட்டித் தேய்மானம் போடலாம். முதலீட்டாளர்களிடமும் ஆய்வாளர்களிடமும் வாரியம் கேட்டபோது, அந்த நியாய மதிப்பு எண்ணைப் பெரும்பாலோர் கழித்துவிட்டுத்தான் கணக்கைப் படிக்கிறோம் என்றார்கள். யாருக்காக எழுதினார்களோ அவர்களே அடித்துவிட்டுப் படித்தார்கள்! இருந்தாலும் வாரியத்தில் இரண்டு பேர் எதிர்த்தே எழுதினார்கள்: மரத்தின் வயதும் பலமும் மதிப்பில் தெரிய வேண்டும், அடக்க விலையில் அது மறைந்துவிடும் என்று. அவர்கள் சொன்னதிலும் சாரம் உண்டு. நூறு வருடச் செடியும் பத்து வருடச் செடியும் புத்தகத்தில் வெறும் பழைய செலவாகத் தெரிவதால் வாசிப்பவருக்கு ஒன்றும் விளங்கப் போவதில்லை.

மாட்டுக்கு இந்தச் சலுகை இல்லை. கறவை மாடும் பல வருடம் பால் தருகிறதே, அதை ஏன் விட்டீர்கள் என்று கேட்டவர்கள் இருந்தார்கள். பொள்ளாச்சி மாட்டுச்சந்தைக்குப் போனவர்களுக்குப் பதில் தெரியும். பல்லைப் பிடித்துப் பார்த்து, மடியைத் தடவி, துண்டுக்குள் கையை மறைத்து விரலைப் பிடித்தே விலை பேசி முடிக்கிறார்கள். மாட்டுக்குச் சந்தை இருக்கிறது. நியாய மதிப்பும் அந்தத் துண்டுக்குள்ளேயே இருக்கிறது. தேயிலைச் செடிக்கு அப்படி ஒரு துண்டு கிடையாது.

ஒரு வட்டாரம் தன் குரலைக் கொண்டுபோய் உலக விதியில் சேர்ப்பது தப்பா என்று கேட்டால், என்ன கொண்டுபோகிறார்கள் என்று பார்க்க வேண்டும் என்பேன். மலேசியா கொண்டுபோனது ஒரு தகவல்: செம்பனைக்குத் தனிச்சந்தை இல்லை, அது இயந்திரம்போலத் தேய்கிறது. லண்டனில் உட்கார்ந்தவர்களுக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை. 2008-ல் பாரிஸ் கொண்டுபோனது ஒரு தேவை: இந்தக் காலாண்டில் நட்டம் தெரியக் கூடாது. தகவல் கொண்டுபோனவன் வருடக்கணக்கில் வராந்தாவில் காத்திருந்தான். தேவை கொண்டுபோனவனுக்கு மூன்று நாளில் கதவு திறந்தது.

பேர் கூப்பிடும் பிரட்டுக்களத்தில் இல்லாத எண்

மலேசியாவை மெச்சிவிட்டு அப்படியே நகர்ந்துவிட முடியவில்லை. அத்தனை வருட மனுவிலும் பேசியவர்கள் கம்பெனிகள், ஆடிட்டர்கள், தரநிலை அமைப்புகள். லண்டன் வாரியம் வரைவை வெளியிட்டால் கருத்துச் சொல்ல வழக்கமாக 120 நாள் தருகிறது. ஆங்கிலத்தில் கடிதம் எழுத வேண்டும். அதற்குச் சம்பளத்துக்கு ஆள் வேண்டும். இலங்கையின் ஹட்டனிலோ நம் வால்பாறையிலோ இருக்கிற தொழிற்சங்க ஆபீஸில் அப்படி ஓர் ஆள் எங்கே இருக்கிறார்?

கணக்குக்கும் தோட்டத் தொழிலாளிக்கும் சம்பந்தம் இல்லை என்று நினைத்தால், இலங்கை மலையகத்தைப் பார்க்கலாம். அங்கே தோட்டங்களை நடத்துவது 1992-ல் உருவான பிராந்திய பெருந்தோட்டக் கம்பெனிகள். நாள் சம்பளம் 1,000 ரூபாய் என்று 2021 மார்ச்சில் வர்த்தமானி வந்தபோது கம்பெனிகள் கட்டுபடியாகாது என்று நீதிமன்றம் போயின. 2024-ல் 1,700 என்று வந்தபோதும் நீதிமன்றம்தான். கடைசியில் அந்த வருடம் செப்டம்பரில் அடிப்படை 1,350 என்று முடிந்தது. கட்டுபடியாகும், ஆகாது என்ற சண்டையில் இரு தரப்பும் கையில் எடுப்பது கம்பெனியின் ஆண்டறிக்கையைத்தான்.

அந்த அறிக்கையில் இன்றும் ஒரு வரி இருக்கும்: உயிரியல் சொத்துகளின் நியாய மதிப்பில் ஏற்பட்ட லாபம். தேயிலை அடக்க விலைக்குப் போய்விட்டது. ஆனால் தோட்டத்தில் வெட்டி விற்க வளர்க்கும் யூகலிப்டஸ் போன்ற மரங்கள் இன்னும் நியாய மதிப்பில்தான். மரம் பருத்தால் லாபம். அதை வெட்ட அரசாங்க அனுமதி வேண்டும் என்பது வேறு விஷயம். (நீலகிரியிலும் கதை அதுதான், மலைப்பகுதி மரங்களைப் பாதுகாக்க 1955-லேயே தமிழ்நாட்டில் சட்டம் இருக்கிறது. சொந்த நிலத்து மரமானாலும் கோடாலியை எடுக்குமுன் மனு போட வேண்டும்.) சம்பளப் பேச்சில் தொழிற்சங்கம் அந்த லாபத்தைக் காட்டினால், அது மரம் வளர்ந்ததுதானே, காசாக எங்கே இருக்கிறது என்பார் முதலாளி. அவர் சொல்வது சரி. அதே எண்ணை அவர் வங்கி மேனேஜர் முன்னால் வைக்கும்போது இந்த அடக்கம் இருக்குமா என்பது எனக்குள்ள சந்தேகம்.

தொழிலாளி ஓர் ஆளாக அந்த அறிக்கைக்குள் வருகிற இடம் ஒன்றுதான்: பணிக்கொடைப் பொறுப்பு. இலங்கைச் சட்டப்படி, கடைசியாக வாங்கிய நாள் கூலியில், வேலை செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாள். கூலி ஏறினால், முப்பது வருடத்துக்கு முன் பறித்த கொழுந்துக்கும் சேர்த்துப் பொறுப்பு ஏறுகிறது. கொழுந்து பறிப்பவளின் வயது என்ன, இன்னும் எத்தனை வருடம் வேலை செய்வாள், எத்தனை பேர் இடையில் நின்றுவிடுவார்கள் என்றெல்லாம் கணித்து, அதையும் ஒரு வட்டியில் கழித்து ஐந்தொகையில் கடனாக எழுதுகிறார்கள். தேயிலைச் செடிக்கு வேண்டாம் என்று விட்ட கணக்கு, செடிக்குப் பக்கத்தில் நிற்பவளுக்குத் தொடர்கிறது. செடி சொத்துப் பக்கம், இவள் கடன் பக்கம்.

இப்போது அடுத்த சுற்று ஆரம்பித்திருக்கிறது. 2021 நவம்பரில் கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டில், நீடித்த தன்மை அறிக்கைகளுக்கென்று இன்னொரு வாரியத்தை, லண்டன் வாரியத்தை நடத்தும் அறக்கட்டளை அறிவித்தது. 2023 ஜூனில் முதல் இரண்டு தரநிலைகளும் வந்துவிட்டன. பருவநிலையால் கம்பெனிக்கு என்ன ஆபத்து என்று முதலீட்டாளருக்குச் சொல் என்பது அதன் சாரம். ஐரோப்பா தனிவழி போய், கம்பெனியால் ஊருக்கும் ஆற்றுக்கும் தொழிலாளிக்கும் என்ன ஆபத்து என்பதையும் சேர்த்துச் சொல் என்றது. 2008-ல் வங்கிகளுக்காக விதியை வளைத்த அதே ஐரோப்பாதான் இதில் பொதுமக்கள் பக்கம் நின்றது. பிறகு கம்பெனிகளுக்குச் சுமை அதிகம் என்ற முணுமுணுப்பு வலுத்து, 2025 பிப்ரவரியில் அதைக் குறைக்க ஆணையமே முன்மொழிந்தது. ஒரு வட்டாரம் என்றைக்கும் ஒரே பக்கம் நிற்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

2014 திருத்தத்தில் ஒரு சின்ன விஷயம் பாக்கி. செடி அடக்க விலைக்குப் போனாலும், செடியின்மேல் நிற்கிற பறிக்காத கொழுந்து மட்டும் இன்னும் நியாய மதிப்பில்தான் இருக்கிறது. இந்த் ஏ.எஸ். பின்பற்றும் தேயிலைக் கம்பெனியின் அறிக்கையைப் புரட்டினால் அந்தக் குறிப்பு இருக்கும். மார்ச் 31 ராத்திரி மலையில் எவ்வளவு கொழுந்து நின்றது, கிலோ என்ன விலை என்று கணித்துப் போட வேண்டும். ஏப்ரல் 1 காலையில் பெண்கள் அந்த மலையில் ஏறுவார்கள். மதியம் எடை போடும் இடத்தில் சாக்கு தராசில் ஏறும். ஈரத்துக்கு இவ்வளவு, சாக்குக்கு இவ்வளவு என்று கழித்துக்கொண்டு, மிச்சத்தை அவள் பேருக்கு எதிரே எழுதுவார் கணக்கப்பிள்ளை.